பிக்கலில்லியை அள்ளிச் சாப்பிடுகிற ஊர்

நியூசிலாந்தின் ஆக்லாந்து விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி முதலில் வெளியே எடுத்தது ஒரு கொத்து கறிவேப்பிலையை. எனக்குத் தெரியாமல் அம்மா புடவைகளுக்கு நடுவில் செருகி வைத்திருந்தாள். உணவுப் பொருள் வைத்திருக்கிறேன் என்று அட்டையில் முன்பே குறித்திருந்ததால் பிழைத்தேன். அவர் அதை இரண்டு விரலால் தூக்கி, செத்த எலியைப் போடுவதுபோலத் தொட்டியில் போட்டார். அடுத்து கடுகுப் பொடி, மஞ்சள் பொடி, புளிப்பு பார்க்கும் காகிதச் சுருள், கடைசியாக இரண்டு கண்ணாடி பாட்டில்கள். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பிக்கலில்லியா? இந்தியாவிலிருந்தா?" என்றார். ஆமாம் என்றேன். எதற்காக இத்தனை தூரம் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். கேட்கவில்லை. பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிக்கலில்லி என்பது வெள்ளைக்காரர்களின் மஞ்சள் ஊறுகாய். காலிஃபிளவர், சின்ன வெங்காயம், பீன்ஸ், விரல் நீளத்துக் குட்டி வெள்ளரிக்காய் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி உப்பில் ஊறவைத்து, கடுகும் மஞ்சளும் வினிகரும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டிக் குழம்பில் போடுவார்கள். நம் ஊறுகாயைப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் செய்யத் தொடங்கினார்கள் என்று சொல்கிறார்கள். திண்டுக்கல் பக்கத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை அதுவரை குட்டி வெள்ளரிக்காயை உப்புநீரில் போட்டுப் பீப்பாயில் அனுப்பிக்கொண்டிருந்தது. பாட்டிலில் அடைத்துத் தயார்ப் பொருளாக அனுப்பியது அந்த ஒரே கன்டெய்னர்தான். அது ஆக்லாந்து போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் அங்கிருந்து ஃபேக்ஸ் வந்தது. வாங்கிய கடைகள் திருப்பி அனுப்புகின்றன, யாராவது உடனே வந்து பாருங்கள் என்று.

முதலாளிக்கு அப்போதுதான் நெஞ்சுவலி வந்து டாக்டர் பயணம் கூடாது என்றிருந்தார். "லேப்பைப் பார்த்துக்கறது நீதானேம்மா, நீயே போயிட்டு வந்துரு" என்றார். எனக்கு இருபத்தெட்டு வயது. பெங்களூரைத் தாண்டிப் போனதில்லை. கன்டெய்னர் திரும்பி வந்தால் அடுத்த பருவத்துக்குத் தொழிற்சாலை திறக்காது என்பது காய் நறுக்கும் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். நான் கிளம்பிய அன்று வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தி மட்டும், "நல்லபடியா பேசிட்டு வா கண்ணு" என்றாள். விமானத்தில் கொடுத்த சாப்பாடு எதுவும் இறங்கவில்லை.

வெளியே சிவநேசன் சார் காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சரக்கை இறக்குமதி செய்தவர். விமான நிலையம் இருக்கும் மங்கரேயில் சரக்குப் பிரிவில் பல வருடம் இரவு வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு இந்த வியாபாரத்தில் இறங்கியிருந்தார். ஃபோனில் கோபமாகப் பேசியவர் நேரில் என் பெட்டியை மரியாதையாக வாங்கிக்கொண்டு முன்னே நடந்தார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வேனில் ஏறியதும், "வீட்டை போக முதல் ஸ்டோரைப் பாப்பம்" என்றார். அவ்வளவுதான்.

ஸ்டோர் என்ற அந்தச் சரக்குக் கிடங்கு மவுண்ட் வெல்லிங்டனில், தகரக் கூரை போட்ட பட்டறைகளுக்கு நடுவில் இருந்தது. கதவைத் தள்ளியதும் எதிரே மஞ்சள் சுவர். தரையிலிருந்து என் தலைக்கு மேலே வரை எங்கள் பாட்டில்கள், அட்டைத் தட்டுகளில், பிளாஸ்டிக் உறைக்குள் மின்னிக்கொண்டு. ஊரில் லாரி ஏற்றும்போது பெருமையாகப் பார்த்த அதே பாட்டில்கள்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் வேலையை ஆரம்பித்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாட்டில் எடுத்துத் திறந்தேன். மூடி உப்பவில்லை. நுரை இல்லை, பூஞ்சை இல்லை. காகிதத்தைத் தோய்த்துப் பார்த்தேன், புளிப்பு போதுமான அளவு இருந்தது. கெட்டுப்போகவில்லை என்று சொன்னபோது என் குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருக்க வேண்டும். சிவநேசன் சார் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"பிழை ஒண்டும் இல்லையெண்டு சொல்லுறீங்கள். அப்ப ஏன் பிள்ளை ஒருத்தரும் ரெண்டாந்தரம் வாங்கேல்லை?"

பழுதான சரக்கு என்றால் காரணம் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்கலாம். பழுதே இல்லாத சரக்கை யாரும் தொடவில்லை என்றால் என்ன செய்வது?

அவர் வீட்டிலேயே தங்கினேன். மனைவி பத்மா அக்கா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் எங்கள் பாட்டில் ஒன்றைத் திறந்து வைத்து, தட்டின் ஓரத்தில் கொஞ்சம் வைத்துத் தொட்டுக்கொண்டேன். காரசாரமாக, நாக்கைச் சுண்டுகிற மாதிரி நன்றாகத்தான் இருந்தது. அப்படியே சொன்னேன். அக்கா, "ஓம், எனக்கும் பிழையாத் தெரியேல்லை. ஆனா புட்டோட வெள்ளைக்காரன் சாப்பிட மாட்டான்" என்றார். சிவநேசன் சார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவர் ஏதோ வேலையாகப் போய்விட, கடையில் விற்கிற மற்ற பிக்கலில்லிகளை வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நான் தனியாகப் பெரிய ஷாப்பிங் சென்டருக்குக் கிளம்பினேன். வெயில் அடித்தது, பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்குள் மழை, பஸ்ஸில் ஏறியதும் மறுபடி வெயில். அக்டோபர் மாதம் இங்கே வசந்தமாம். ஊரில் ஐப்பசி மழை ஒருமுறை பிடித்தால் மனசாட்சியோடு பெய்யும். இங்கே மழைக்கு ஒரு நிலைத்த புத்தி இல்லை.

தெருவின் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் எதிர்த்திசை பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். வீடுகள் முடிந்து பட்டறைகள், பட்டறைகள் முடிந்து வேறு வீடுகள். கண்டக்டர் என்று ஒருவர் இருந்தால் கேட்கலாம். இங்கே டிரைவர் மட்டும்தான். அவரிடம் பேசக் கூடாதோ என்ற தயக்கத்திலேயே கடைசி நிறுத்தம் வரை போய்விட்டேன். பக்கத்து இருக்கையில் இருந்த, பூப்போட்ட கவுன் அணிந்த பருத்த சமோவாத் தீவு அம்மாள் ஒருவர் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, டிரைவரிடம் போய் ஏதோ சத்தம் போட்டார். திரும்பிப் போகும் அதே பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் என்னை உட்காரவைத்தார்கள். அந்த அம்மாள் இறங்கும்போது என் தோளைத் தட்டி, சாமி பார்த்துக்கொள்வார் என்றார். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

சூப்பர் மார்க்கெட்டில் கிடைத்த வகைகளை எல்லாம் வாங்கினேன். வெளியே ஒரு மீன் கடையில் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, வாங்கிய பாட்டில்களில் ஒன்றைத் திறந்து ஓரமாகத் தொட்டுச் சாப்பிட்டேன். ஒன்றுமே இல்லை! இனிப்பு, லேசான கடுகு வாசனை, அவ்வளவுதான். இந்தச் சப்பென்ற சரக்கைவிட எங்களுடையது எத்தனை மடங்கு மேல் என்று நினைத்தேன். சாயங்காலம் அதையே சிவநேசன் சாரிடம் சொல்லவும் செய்தேன். அவர், நாளை சனிக்கிழமை தெற்கே புக்கெகோஹி என்ற ஊருக்குப் போகிறோம், அங்கே ஜோனைப் பாருங்கள் என்றார்.

ஜோன் என்பவர் அங்கே சமைத்துக் குளிரவைத்த இறைச்சி விற்கும் கடை வைத்திருந்த இங்கிலாந்துக்காரப் பெண்மணி. தன் கடைக்கு மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்தில் நாலைந்து கடைகளுக்கும் சேர்த்துச் சரக்கு எடுப்பவர். முதலில் வாங்கியவரும் அவர்தான், முதலில் திருப்பி அனுப்பியவரும் அவர்தான். கிறிஸ்துமஸுக்குப் பன்றித் தொடை விற்கிற பருவம் வருகிறது, அதோடு பிக்கலில்லி வைக்காத வீடு இல்லை, அவர் வேண்டாம் என்றால் இந்த வருடம் முடிந்தது என்றார் சிவநேசன் சார்.

கடை மத்தியானத்தோடு மூடிவிடும். நாங்கள் நேரத்தோடுதான் புறப்பட்டோம். நெடுஞ்சாலையில் பாதி தூரம் போனதும் வேன் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. ஓரங்கட்டி நின்றோம். லாரிகள் போகும் வேகத்தில் வேன் ஆடியது. பம்பாய் இத்தனை தூரம் என்று ஒரு பலகை நின்றது. அது இங்கேயே ஒரு சின்ன ஊராம், பழைய கப்பல் ஒன்றின் பெயராம். எனக்கு அதை ரசிக்கும் மனநிலை இல்லை. சிவநேசன் சார் சாலையையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேலியைத் தாண்டித் தோட்டத்துக்குள் போய், அங்கே வேலை செய்துகொண்டிருந்த குஜராத்திக் குடும்பத்தாரிடம் வாளியில் தண்ணீர் வாங்கி வந்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காலிஃபிளவர். ஒட்டன்சத்திரம் பக்கம் நின்றுகொண்டிருப்பதுபோல ஒரு நிமிஷம் தோன்றியது. மண் மட்டும் சாக்லெட் நிறம்.

நாங்கள் போனபோது ஜோன் கடைக் கதவில் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பிக்கொண்டிருந்தார். வெள்ளை மேலங்கி, குட்டையாக வெட்டிய நரைமுடி. எங்களைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. "நீதான் செய்தவளா? உள்ளே வா. சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்" என்றார்.

பின்கட்டுச் சமையலறையில் மேஜை முழுக்க எடுத்து வைத்தார். ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவி, கெட்டிப் பாலாடைக்கட்டியை அடுக்கி, மேலே தன் வீட்டு பிக்கலில்லியைப் பெரிய கரண்டியால் ஒரு கரண்டி முழுக்கப் போட்டு, கிரில்லில் வைத்து உருக்கினார். அவித்த முட்டையைப் பிளந்து அதன் மேல் ஒரு கரண்டி. முந்தின நாள் வறுத்து ஆறிய ஆட்டிறைச்சித் துண்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு குவியல். அவித்த உருளைக்கிழங்கை மயோனைஸில் பிசறி, அதிலும் இரண்டு கரண்டி கலக்கினார். மிஞ்சிய மசித்த கிழங்கும் முட்டைக்கோசும் சேர்த்துத் தட்டிப் பொரித்த அடையின் மேலும் அதே. பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டத்தை நான் தொடாததைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் முட்டைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

சாப்பிட்டேன். பாலாடைக்கட்டியின் கொழுப்பை அந்த இனிப்பும் புளிப்பும் வெட்டின. கிழங்கின் மாவுத்தன்மைக்கு நடுவில் காலிஃபிளவர் நறுக்கென்று கடிபட்டது. நேற்று கடைச் சரக்கை ஓரமாகத் தொட்டபோது ஒன்றுமில்லாமல் இருந்தது, அள்ளிப் போட்டபோது சாப்பாடாகவே ஆகியிருந்தது.

ஜோன் அடுத்த ரொட்டியில் எங்கள் பாட்டிலிலிருந்து அதே கரண்டியால் அதே அளவு போட்டு என்னிடம் நீட்டினார். "இதையும் அப்படியே சாப்பிடு."

ஒரே கடி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உப்பு தொண்டையைப் பிடித்தது, வினிகர் மூக்கில் ஏறியது. விழுங்கவும் முடியவில்லை, அவர் முன்னால் துப்பவும் முடியவில்லை. எப்படியோ விழுங்கினேன். அந்தக் கணத்தில்தான் எல்லாம் புரிந்தது. ஊரில் சாம்பிள் போட்டபோது முதலாளி, மேனேஜர், நான், பாக்கிங் பெண்கள் எல்லோரும் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துத்தான் ருசி பார்த்தோம். இன்னும் கொஞ்சம் உப்பு, இன்னும் கொஞ்சம் புளிப்பு என்று கூட்டிக்கொண்டே போனோம். தொட்டுக்கொள்கிற ஊரில் இருந்துகொண்டு அள்ளிச் சாப்பிடுகிற ஊருக்குச் செய்திருக்கிறோம்.

நான் அதைச் சொன்னதும் ஜோன் கையைத் துடைத்துக்கொண்டு, இனி என்ன செய்யப்போகிறாய் என்றார். சிவநேசன் சார் சுவரைப் பார்த்து நின்றார். என்னால் அப்போது யோசிக்க முடிந்ததைச் சொன்னேன். காயை வடித்து, தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை இறக்கலாம். அதோடு உப்புப் படாத புதுக் காயைப் பாதிக்குப் பாதி சேர்த்து, சர்க்கரை கூட்டி, வினிகர் குறைத்துப் புதிதாகக் குழம்பு காய்ச்சலாம். குறைத்தால் கெட்டுப்போகாத அளவுக்குப் புளிப்பு நிற்குமா என்பதுதான் என் பயம். ஜோன் அடுப்பைக் காட்டினார். நாளை மத்தியானம் புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் கிளப்பில் வயதானவர்களுக்கு அவர்தான் சாப்பாடு போடுகிறார், அவர்கள் சாப்பிட்டால் பார்ப்போம் என்றார்.

சிவநேசன் சார் அந்தக் குஜராத்தித் தோட்டத்துக்கே திரும்பிப் போய்க் காலிஃபிளவர் வாங்கி வந்தார். சாயங்காலம் வரை நறுக்கினோம், ஊறவைத்தோம், காய்ச்சினோம். குழம்பு அடிப்பிடித்து ஒரு பானை வீணானது. இரண்டாவது பானை கரண்டியின் பின்புறத்தில் மெத்தென்று ஒட்டியது. காகிதத்தைத் தோய்த்தேன். நிறம் மாறி, நான் விரும்பிய இடத்துக்குச் சற்று முன்னால் நின்றது. இன்னும் கொஞ்சம் வினிகர் விட்டேன். மறுபடி தோய்த்தேன். நின்றது.

ஒரு பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோனோம். பத்மா அக்கா மீன் கட்லட் பொரித்து, ஒன்றைப் பிட்டு அதன் மேல் நிறையப் போட்டுச் சாப்பிட்டுப் பார்த்தார். இன்னொன்று எடுத்தார். மறுநாளைக்கு ஒரு டப்பா நிறைய கட்லட் பொரிக்கத் தொடங்கினார். நான் ஊருக்கு ஃபோன் செய்யவில்லை. என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் ஜோன் எங்களைச் சாப்பாட்டு அறைக்குள் விடவில்லை. "நீங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் மரியாதைக்காகப் பொய் சொல்வார்கள்" என்று சமையலறையிலேயே நிறுத்தினார். சுவரில் தட்டு வாங்கும் ஜன்னல் ஒன்று இருந்தது. தட்டுகள் போயின. குளிர்ந்த இறைச்சி, உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, பாலாடைக்கட்டி, ஓரத்தில் அக்காவின் கட்லட், எல்லாவற்றுக்கும் நடுவில் நாங்கள் செய்தது ஒரு குவியல். அந்தப் பக்கம் பேச்சுச் சத்தமும் கரண்டிச் சத்தமும்தான் கேட்டன. சிவநேசன் சார் தண்ணீர்க் குழாயைத் திறந்து கை கழுவினார். கழுவி முடித்துவிட்டு மறுபடி கழுவினார்.

முதல் தட்டு திரும்பி வந்தது. மஞ்சள் குவியல் அப்படியே இருந்தது. முட்டையில் பட்ட இடத்தைக்கூட வழித்து ஒதுக்கியிருந்தார்கள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். சிவநேசன் சார் தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். அடுத்த தட்டு காலி. அதற்கடுத்ததும் காலி. பிறகு ஒன்றில் பாதி. பிறகு வரிசையாக நாலைந்து, ரொட்டியால் துடைத்து எடுத்ததுபோல வெறுமையாக வந்தன. ஜன்னலில் ஒரு கிழவர் தலையை நீட்டி, அந்த மஞ்சள் இன்னும் இருக்கிறதா, உருண்டைக்குத் தொட்டுக்கொள்ள வேண்டும் என்றார். உருண்டை என்றது கட்லட்டை. நான் பாட்டிலோடு எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

எல்லாம் கழுவி முடிந்த பிறகுதான் ஜோன் வந்தார். மேலங்கியைக் கழற்றி மடித்தார்.

"என் அம்மா செய்ததுபோல இல்லை. ஆனால் திரும்பச் சாப்பிடுவேன்" என்றார். "இதேபோல முடிகிற அளவுக்குச் செய்து கொண்டு வாருங்கள். கிறிஸ்துமஸுக்கு எடுத்துக்கொள்கிறேன்."

முதல் தட்டு யாருடையது என்று கேட்டேன். தன் நாத்தனாருடையது, அவருக்குக் கடுகே ஆகாது என்றார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்ளூரில் அனுமதி பெற்ற ஒரு சமையலறையை வாடகைக்கு எடுத்து, பத்மா அக்காவும் அவருடைய சிநேகிதிகளும் நானுமாக எனது விசா முடியும் வரை பாட்டில் பாட்டிலாகத் திறந்து மாற்றிக் காய்ச்சினோம். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. மாற்றாமல் மிஞ்சியதைத் தமிழ்க் குடும்பங்கள் தயிர்ச்சோற்றுக்கு வாங்கிக்கொண்டன. அவர்கள் தொட்டுக்கொள்கிறவர்கள். அடுத்த பருவத்துக்குத் தொழிற்சாலை திறந்தது. ருசி பார்க்கிற மேஜையில் பெரிய கரண்டி ஒன்றை வாங்கி வைத்தேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. கிளப்பிலிருந்து திரும்பும் வழியில், வெங்காய வயல்களுக்குப் பக்கத்தில் சிவநேசன் சார் திடீரென்று வேனை ஓரங்கட்டினார். மறுபடி ரேடியேட்டரோ என்று பதறினேன். அதில்லை. அவர் எஞ்சினை அணைத்தார்.

"கொஞ்சம் இருந்திட்டுப் போவம், பிள்ளை" என்றார். சரி என்றேன்.

கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை. பிறகு, மங்கரே விமானச் சரக்கு வேலையைத் திரும்பக் கேட்டு வெள்ளிக்கிழமையே போய்வந்ததாகச் சொன்னார். பத்மா அக்காவுக்கு அது தெரியாதாம். இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஜோன் வழிக்குக் கட்டிக் கொடுத்த ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மடியில் இருந்தன. பிரித்து, ரொட்டியில் நாங்கள் புதிதாகக் காய்ச்சியதில் மிஞ்சிய பாட்டிலிலிருந்து ஒரு கரண்டி போட்டு அவரிடம் கொடுத்தேன்.

ஒரு கடி கடித்தார். மெதுவாக மென்றார். வயல் பக்கம் பார்த்துக்கொண்டே ரொட்டியை என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கோ."